247 எழுத்தையும் ஒப்பிக்கிறாள், ‘பல்’ என்ற சொல்லைப் படிக்க வரவில்லை

கொள்ளிடக்கரை | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். லால்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஆறு வயது நடக்கிறது. ஆங்கில வழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. கூடத்துச் சுவரில் தமிழ் எழுத்து அட்டவணையை மாட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. அகரத்தில் தொடங்கி னௌ வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். உறவுக்காரர்கள் வந்தால் சொல்லச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம்.

போன வாரம்தான் எனக்கு உறைத்தது. சிலேட்டில் ‘பல்’ என்று எழுதிப் படிக்கச் சொன்னேன். முதல் எழுத்தைப் பார்த்ததும் “பம்பரம்” என்றாள். அட்டவணையில் அந்த எழுத்துக்குப் பம்பரம்தான் படம். “படம் வேண்டாம் கண்ணு, எழுத்தை மட்டும் சொல்” என்றேன். விரலை வைத்து, “ப... இல்...” என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “பயில்” என்றாள். சரிதானே என்று என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் கூட்டியதில் தவறே இல்லை. நான்தான் அவளுக்கு ‘ல்’ என்ற எழுத்தை ‘இல்’ என்று சொல்லிக் கொடுத்தவள்.

அட்டவணையின் நடுவில் ஏதாவது ஓர் எழுத்தைத் தொட்டால், வரிசையின் முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அங்கே நிற்கிறாள். தனியாக எழுதிக் காட்டினால் பாதி தெரியவில்லை. அவள் அப்பா பொறுமை இழந்து ஒருநாள் சத்தம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து சிலேட்டை எடுத்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறாள். எங்கிருந்து தொடங்குவது? யாராவது வழி சொல்லுங்கள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் | ஞாயிறு, இரவு 10.25

அம்மா, முதலில் மனதைத் தளரவிடாதீர்கள். உங்கள் பெண் கூட்டிப் படிக்கிறாள். ‘ப’வையும் ‘இல்’லையும் சேர்த்தால் ‘பயில்’தான் வரும், சேர்த்துச் சொல்லும்போது நடுவில் யகரம் தானாக வந்து நிற்கிறது. படிப்புக்கு வேண்டிய மூளை வேலையை அவள் செய்துவிட்டாள். நாம் கொடுத்த எழுத்தின் பெயர்தான் குறுக்கே நிற்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் 22 வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஆண்டுதோறும் ‘அம்மா’வை “அ, இம், மா” என்று படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள்.

நாளைக்கே அந்த அட்டவணையைக் கழற்றி மடித்து வைத்துவிடுங்கள். எறிய வேண்டாம், ஆறு மாதம் கழித்து வேண்டியிருக்கும். காலண்டர் அட்டையை வெட்டி எட்டு எழுத்து மட்டும் எழுதுங்கள்: ட, ப, ம, ல, க, ர, வ, ய. புள்ளி வைத்த ம், ல், ட் மூன்றையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். படம் எதுவும் வரைய வேண்டாம். இவற்றிலேயே படம், பட்டம், பல், கல், கடல், பகல், மரம், வயல், வட்டம், பயம் எல்லாம் வந்துவிடும். அத்தனையும் அவள் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள்.

புள்ளி எழுத்துக்குப் பெயர் சொல்லாதீர்கள். ‘ம்’ என்றால் உதட்டை மூடி ஒலியை மட்டும் இழுங்கள். ‘ல்’ என்றால் நாக்கை மேலே தொட்டு நிறுத்துங்கள். ‘ப’ அட்டையை ஒரு கையில் பிடித்து நீட்டிச் சொல்லிக்கொண்டே ‘ல்’ அட்டையை நகர்த்திக்கொண்டு வந்து ஒட்டுங்கள். ‘பஅஅ... ல்’. இரண்டு அட்டையும் முட்டும்போது சொல் முடிய வேண்டும். ‘ட்’ மாதிரி இழுக்க வராத ஒலியைத் தனியாகச் சொல்லிக் காட்டாமல் ‘பட்’, ‘வட்’ என்று முன்னெழுத்தோடு சேர்த்தே சொல்லுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். அவள் இன்னும் கொஞ்சம் கேட்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று படித்தால் பயப்படாதீர்கள். ர எழுத்தும் துணைக்காலும் அச்சில் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ரகரத்தின் கீழே இழுபடும் வாலை அவள் விரலால் தடவிப் பார்க்கட்டும்.

இவை படிந்த பிறகு துணைக்காலைக் கொண்டுவாருங்கள். பல்லுக்குப் பக்கத்தில் ஒரு காலை நட்டால் பால். கல்லுக்கு நட்டால் கால். படம் பாடமாகும், மடம் மாடமாகும். ஓர் அட்டை மாற்றத்தில் சொல்லே மாறுவதைப் பிள்ளைகள் பார்க்கும் பார்வையை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பார்த்தேன், இன்றைக்கும் அலுக்கவில்லை.

பழைய பேனா | திங்கள், காலை 6.10

டீச்சர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன். எனக்கு 76 வயது. விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் என் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தார்கள். பிறகு மணலில் எழுதிப் பழகினேன். வரிசை வரிசையாகச் சத்தம் போட்டுச் சொன்னோம். யாருக்கும் படிப்பு வராமல் போய்விடவில்லை. க, கா, கி, கீ என்ற வரிசையில் ஒரு தாளம் இருக்கிறது. அது உடம்பில் ஏறிவிட்டால், பிற்பாடு எந்த எழுத்தைப் பார்த்தாலும் அந்தத் தாளமே கைகொடுக்கும். மனப்பாடம் என்றால் ஏன் இப்போது எல்லோரும் முகம் சுளிக்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணலில் எழுதுவதை ஏழைகளின் வழி என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தியபோது, நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அந்த முறையை அங்கே கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அங்கேதான் வளர்த்தெடுத்தார். 1797இல் அதை லண்டனில் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே போய்ச் சேர்ந்தது. சிலேட்டைக் கண்டால் ஓடும் குழந்தைக்கு ஒரு தட்டில் ஆற்று மணலைப் பரப்பிக் கொடுங்கள் அம்மா. தவறாக எழுதினால் ஒரு தட்டுத் தட்டினால் அழிந்துவிடும். தப்பு நின்று முறைத்துப் பார்க்காது.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் | திங்கள், மாலை 5.50

ஐயா, மணல் தட்டுக்கு நூறு மதிப்பெண். என் வகுப்பிலும் வைத்திருக்கிறேன். வரிசையைப் பாடுவதற்கும் நான் எதிரி இல்லை. ஆனால் நீங்கள் பாடியபோது விரல் மணலில் ஓடிக்கொண்டிருந்தது. வாய் சொன்ன எழுத்தையே கையும் எழுதியது, கண்ணும் பார்த்தது. இன்றைய குழந்தை சுவரைப் பார்க்காமலே பாடிவிடுகிறது. அப்படிப் பாடினால் அது பாட்டுதான், எழுத்து ஆகாது. வரிசையைப் பாடட்டும், ஆனால் சொல்லும் ஒவ்வோர் எழுத்தையும் விரல் தொட வேண்டும். அவ்வப்போது நடுவில் ஓர் எழுத்தை மூடி, “இங்கே யார் ஒளிந்திருக்கிறார்?” என்று கேட்க வேண்டும்.

குறிகளை எந்த வரிசையில் கொண்டுவருவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துணைக்காலுக்கு அடுத்து இகர ஈகாரம். எழுத்தின் தலையில் ஒரே மாதிரி ஏறும், அதனால் எளிது. உகரத்தில் அவசரம் கூடாது. கு, டு, மு ஒரு மாதிரி வளையும். சு, பு, வு கீழே இறங்கும். து, நு, லு வேறு மாதிரி. விதியாகச் சொல்லாமல் சொல்லோடு சொல்லாகப் பழக்குங்கள். படகு, வீடு, காது, பசு. கொம்பு போட்ட எழுத்துகள் கடைசி. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். இடமிருந்து வலமாகப் படி என்று நாமே சொல்லிவிட்டு, நாமே அதை மீறச் சொல்கிறோம். ‘கொ’ இன்னும் கடினம், இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கும். ஒரு குழந்தை இங்கே தடுமாறினால் அது மந்தம் இல்லை.

ஒலியும் செவியும் | திங்கள், இரவு 8.15

பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

தமிழ் மாதிரி உயிர்மெய் எழுத்துகள் கொண்ட மொழிகளில் எழுத்து முழுவதும் கைவசப்பட ஆங்கிலத்தின் 26 எழுத்தைவிட அதிகக் காலம் பிடிக்கும். கன்னடம் படிக்கும் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வில், இந்தக் கற்றல் ஒன்றாம் வகுப்போடு முடிந்துவிடுவதில்லை, மூன்றாம் நான்காம் வகுப்புவரை நீள்கிறது என்று தெரியவந்தது. ஆகவே ஆங்கிலத்தில் சட்டென்று படிக்கிறாள், தமிழில் திணறுகிறாள் என்று ஒப்பிட்டு முடிவுகட்ட வேண்டாம். இரண்டு மொழியையும் சேர்த்துப் படித்தால் குழம்பிவிடும் என்ற பயமும் வேண்டாம். ஒலியைக் கூட்டினால் சொல் பிறக்கும் என்ற அறிவு ஒரு மொழியில் கிடைத்தால் மற்றதற்கும் உதவும்.

இரண்டாவது, தாளே இல்லாமல் செய்யும் வேலை. சமைக்கும்போது செய்யலாம். “கத்தரிக்காய்” என்று சொல்லி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கைதட்டு. “மல்லி, மஞ்சள், மிளகு, மரம் — இதில் எது ‘ம’வில் தொடங்கவில்லை?” என்று கேட்பது. ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குவது. “‘பால்’ என்பதில் ‘ல்’லை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?” என்று கேட்பது. இதைக் காதால் செய்ய முடிந்த குழந்தைக்குக் கண்ணால் செய்வது பெரிய தூரம் இல்லை.

சத்தம் போட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கதை மட்டும் படித்துக் காட்டட்டும், கேள்வி கேட்காமல். குழந்தையின் பார்வையையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். இரண்டாம் வகுப்பு முடிகிறவரை இப்படிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும் எழுத்து கூடவே மறுத்தால், அப்போது கற்றல் குறைபாட்டை அறிந்தவர்களைப் பாருங்கள். ஆறு வயதில் எந்தப் பெயரையும் ஒட்டாதீர்கள்.

பனிநாட்டு யாழ் | செவ்வாய், அதிகாலை 4.30

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். சகோதரி, உங்கள் பிள்ளைக்கு இருக்கும் ஒரு செல்வம் என் மகனுக்கு இல்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அவனுக்கு எட்டு வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறான். எழுத்தெல்லாம் கூட்டுவான். ‘திண்ணை’ என்ற சொல்லைப் பிழையில்லாமல் படித்துவிட்டு நிமிர்ந்து, அப்படியென்றால் என்ன என்று கேட்டான். திண்ணை அவன் கண்ணால் கண்ட பொருளே இல்லை. ‘தங்கம்’ என்பதில் வரும் ககரத்தை ‘அக்கா’வில் வருவதுபோல் அழுத்திப் படிப்பான். உங்கள் மகள் பம்பரம் என்று சொன்னாளே, அந்த ஒரு சொல்லிலேயே பகரம் இரண்டு விதமாக ஒலிக்கிறது. முதல் பகரமும் நடுப் பகரமும் ஒன்றல்ல. அவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சொல் தெரிந்தவள் தானே திருத்திக்கொள்வாள். என் மகனுக்கு ஒவ்வொன்றையும் காதில் போட வேண்டும்.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது அம்மம்மாதான். கொக்குவிலில் இருக்கிறா. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை ஒன்று, இரண்டு என்று பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையை அங்கே அவவும் இங்கே இவனும் திறந்து வைத்துக்கொள்வார்கள். அவ தொலைபேசியில் மெதுவாகப் படிப்பா, இவன் விரலை வைத்துக்கொண்டு போவான். நடுவில் அவ வேண்டுமென்றே ஒரு சொல்லை விழுங்கிவிடுவா. இவன் விடமாட்டான், அந்தச் சொல்லைப் பிடித்துச் சொல்லுவான். எழுத்தை நான் ஒரு வருடம் கற்பித்தேன். படிக்கிற ஆசையை அவ மூன்று மாதத்தில் கொடுத்தா.

தெருமுனை நூலகம் | செவ்வாய், காலை 11.05

ஒரு சந்தேகம். என் பையன் எழுத்துக்கூட்டி ‘தண்ணீர்’ என்று சரியாகப் படித்துவிட்டு, அது என்ன என்று விழிக்கிறான். வீட்டில் ‘தண்ணி’ என்றுதான் சொல்கிறோம். ‘ஐந்து’ என்று படிக்கிறான், வாயில் ‘அஞ்சு’. தாளில் இருக்கும் தமிழ் அவனுக்கு இரண்டாவது மொழி மாதிரி இருக்கிறதே, என்ன செய்வது?

ஒன்றாம் வகுப்பு டீச்சர் | செவ்வாய், இரவு 9.00

நல்ல கேள்வி. இந்த இழையில் பேசிய எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்க் குழந்தை எழுத்தை மட்டும் கற்கவில்லை, தான் பேசாத ஒரு நடையையும் சேர்த்தே கற்கிறது. கதையைப் படித்துக் காட்டுவது இதற்குத்தான். ‘இருக்கிறது’, ‘போகிறான்’, ‘வந்துவிட்டது’ என்பதெல்லாம் காதில் ஆயிரம் முறை விழுந்திருந்தால், கண்ணில் படும்போது அந்நியமாக இருக்காது. புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே படியுங்கள். படிக்கும்போதே பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லாதீர்கள். முடித்த பிறகு அவன் தன் வாய்மொழியில் கதையைத் திருப்பிச் சொல்லட்டும்.

இன்னொன்று செய்வேன், பழைய பேனா ஐயா கோபித்துக்கொள்வார். குழந்தை சொல்லும் ஒரு வாக்கியத்தை அவன் சொன்னபடியே எழுதி அவனையே படிக்கச் சொல்வேன். தன் வாயில் வந்தது தாளில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால்தான் எழுத்து எதற்கு என்று அவனுக்குப் புரிகிறது.

பழைய பேனா | புதன், காலை 6.00

கோபம் இல்லை, கவலை. ‘தண்ணி’ என்று எழுதிப் பழகிய கை பிறகு ‘தண்ணீர்’ என்று எழுதுமா? முதலில் பதிந்தது போகாது. என் அனுபவமே சொல்கிறேன். அரசு 1978இல் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் லை, னை, ணை, ளை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் ஒரு சுருள் போட்டுத்தான் எழுதுவோம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவசரத்தில் எழுதினால் என் கை தும்பிக்கையைத்தான் போடுகிறது. பேத்தி என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “தாத்தா, இது என்ன எழுத்து?” என்று கேட்கிறாள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் | புதன், மாலை 6.20

ஐயா, உங்கள் கை பழையதை மறக்கவில்லை, ஆனால் உங்கள் கண் புதியதைத் தடையில்லாமல் படிக்கிறதே! நான் கேட்பது கண்ணுக்குத்தான். அந்த வாக்கியங்களை ஓரிரு மாதம் படிக்க மட்டும் கொடுப்பேன், பார்த்து எழுதச் சொல்ல மாட்டேன். எழுத்துப் பயிற்சிக்குப் புத்தகச் சொற்களைத்தான் தருவேன். இதற்கு மேல் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

கொள்ளிடக்கரை | ஒன்பது வாரங்களுக்குப் பிறகு, சனி, மாலை 4.45

எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. அட்டவணையைக் கழற்றினேன். முதல் நான்கு நாள் அட்டையைத் தொடவே இல்லை அவள். மணல் தட்டுக்கு வந்தாள். ஐந்தாம் நாள் அவள் அப்பா தட்டில் ‘கல்’ என்று எழுதிவிட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அவளே ககரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுத் தன் காலை நீட்டித் தட்டில் வைத்தாள். அவர் எழுந்து கொல்லைப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இப்போது புள்ளி, துணைக்கால், இகர ஈகாரம் எல்லாம் வருகிறது. உகரத்தில் பாதி வருகிறது. மளிகைச் சாமான் டப்பாக்களில் அவளை விட்டே பெயர் ஒட்டவைத்தேன். நேற்று அப்பாயி மளிகைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இவள் தோளுக்குப் பின்னால் நின்று வரிவரியாகப் படித்தாள். ‘பருப்பு’ வந்தது. ‘உப்பு’ வந்தது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். அப்பாயி அவசரத்தில் ‘புலி 1 கிலோ’ என்று எழுதியிருக்கிறார். இவள் ஓடிப்போய் அடுக்களையில் இருந்த புளி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒட்டியிருந்த சீட்டில் ளகரத்தைத் தொட்டுக் காட்டினாள். அப்பாயி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டையும் பார்த்தார். பிறகு எழுதுகோலை இவள் கையில் கொடுத்து, “நீயே எழுதுடி” என்று மாவு, சீரகம் இரண்டையும் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ‘சீரகம்’ கோணலாக இருந்தாலும் கடைக்காரர் படித்துச் சரியாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

டீச்சருக்கு ஒரு கேள்வி. இன்று கொம்பைத் தொடங்கினேன். ‘கெ’ எழுதியதும், “கொம்பு முதலில் வந்து நிற்கிறதே, அதை ஏன் கடைசியில் சொல்ல வேண்டும்?” என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் | சனி, இரவு 8.30

அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள் அம்மா. என்னிடம் முதல் வருடப் பிள்ளை எழுதியது ஒன்று இன்னும் இருக்கிறது.

அவள் கேட்டது நியாயம், எழுத்து அப்படி அமைந்துவிட்டது என்றே சொல்லிவிடுங்கள். காரணம் தேடிச் சுற்ற வேண்டாம். கொம்பைத் தனி அட்டையாகக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அதற்கும் ஓர் ஒலி தேடுவாள். ‘கெ’ முழுவதையும் ஒரே அட்டையில் எழுதி, ‘கெண்டை’, ‘செடி’, ‘பெட்டி’ என்று சொல்லாகவே காட்டுங்கள். கொம்பைக் கண்டதும் விரலை அதன்மேல் வைக்காமல் தாண்டி அடுத்த எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாய் தானாகப் பின்தொடரும். இரட்டைக்கொம்பை இன்னும் இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம்.